சீப்புத் துண்டு

தகடு வெட்டும் பட்டறையில் இருந்த பெரிய அழுத்து இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். வேலை செய்கிறவனின் கைகள் இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அண்ணன் கெட்டிக்காரன். உடைந்த சீப்பின் துண்டு ஒன்றை இடது பொத்தானில் செருகிவிட்டான். அது அழுந்தியபடியே கிடக்க, ஒரு கையால் தகட்டை வைத்து மறு கையால் அழுத்தினான். வேலை பறந்தது. பட்டறையே அவனை மெச்சியது.

அன்று காலை போனில் பேச அண்ணன் வெளியே போனான். அவன் இடத்தில் தம்பி உட்கார்ந்தான். ஒரு தகடு கோணலாக விழுந்தது. நேராக்க இடது கையை உள்ளே விட்டான். வலது கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது.

அலறல் கேட்டு அண்ணன் ஓடி வந்தபோது தகட்டின்மேல் தம்பியின் மூன்று விரல்கள் தனியாகக் கிடந்தன. எல்லோரும் தம்பியைத் தாங்கிப் பிடித்த நேரத்தில், அண்ணனின் கை சீப்புத் துண்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. அதன் பிறகுதான் அவன் வாய் திறந்தது.

"ஒயர்மேன் எங்கடா? நேத்து இங்கதான நோண்டிட்டிருந்தான்? அவன் பண்ண வேலைதான் இது!"

சூப்பர்வைசர் சீப்பை எத்தனையோ முறை பார்த்தும் பார்க்காததுபோல் போனவர். பழி போட அவருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. "ஆமா, அந்தாளுதான்" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் ஏணியில் நின்ற ஒயர்மேனைக் காலைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள்.

"ஐயோ, நான் ஃபேன் ஒயரைத்தான் மாத்தினேன்! மிஷினைத் தொடவே இல்லப்பா!"

அண்ணனின் ஸ்பேனர் அவர் வாயில் இறங்கியது. பல் உடைந்து ரத்தத்தோடு தெறித்தது. கீழே விழுந்தவரின் விலாவில் நாலு பேர் மாறி மாறி மிதித்தார்கள். ஒருவருக்கும் அண்ணன் அளவுக்கு வெறி இல்லை. தன் பையில் இருப்பதை மறக்க அடிக்கிறவனுக்குக் கை ஓயுமா? ஒயர்மேனின் தலைக்கு மேல் ஸ்பேனரை ஓங்கினான்.

"அண்ணா, விடு அவரை!"

ரத்தம் சொட்டும் துணியில் கையைச் சுற்றிக்கொண்டு வாசலில் தம்பி நின்றான். ஆஸ்பத்திரிக்குப் போக நின்ற வண்டியில் ஏற மறுத்துத் திரும்பி வந்திருந்தான்.

"சீப்பு இருக்குன்னு தெரிஞ்சுதாண்ணா உக்காந்தேன். எடுத்திருக்கலாம், எடுக்கல. அது என் தப்பு. இப்ப அந்த மனுஷன் செத்தா அது யார் தப்பு?"

ஸ்பேனர் தரையில் விழுந்தது. அண்ணன் சீப்புத் துண்டை எடுத்து எல்லோரும் பார்க்க நீட்டினான்.

"செருகினது நான்தான். அதை ஒத்துக்கத் துணிச்சல் இல்லாமத்தான் இவரை அடிச்சேன்."

மிதித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் ஒயர்மேனைத் தூக்கிப்போய் வண்டியில் தம்பிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். "மன்னிச்சிடுங்க" என்று காலைத் தொட்டான்.

ஒயர்மேன் காலை இழுத்துக்கொண்டு, வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினார்.

"உன் தம்பி விரல் போனது ஒரு தப்பால. என் பல்லு போனது, அந்தத் தப்பு உன்னோடதுன்னு நீ ஒத்துக்காததால. முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா இந்த வண்டியில ஒருத்தன்தான் போயிருப்பான்."