ஈரச் சாக்குக்கு அடியில் முப்பத்து நாலு டிகிரி

1

இந்தக் கதை ஒரு நாயின் புண்ணியத்தில் எனக்குக் கிடைத்தது. அனுமந்தன்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சுகாதார நிலையத்தில் ஊசி போட்ட நர்ஸ், நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொன்னார்.

"எழுதுங்க சார். ஆனா பிளேனு விழுந்துச்சுன்னு மட்டும் எழுதிராதீக. விழல."

சரி என்று தலையாட்டினேன். பஸ் தேனி போய்ச் சேர்வதற்குள் நான் எழுதிய முதல் வரி இது:

பாலைவனத்தின் மேல் அந்தப் போர் விமானம் தீப்பந்தமாக—

வெட்கக்கேடு. அடித்துவிட்டேன். (அடித்ததை நீங்கள் பார்க்கட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.) நர்ஸுக்கு நாகஜோதி என்றும் அவர் கணவருக்கு விஜய்பாண்டி என்றும் பெயர் வைத்துக்கொள்கிறேன்.

2

விஜய்பாண்டி விமானப்படையில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். எங்கோ வடக்கே, வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு தளம். போர் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் டேங்கர் அவர் பொறுப்பு.

* குறிப்பு: புது ரகப் போர் விமானங்களில் மின்னணுக் கருவிகள் கக்கும் சூட்டை எரிபொருள்தான் வாங்கிக்கொள்ளும். அதுவே சூடாகிக் கிடந்தால் கருவிகளின் சூடு போக வழியில்லாமல் ஒவ்வொன்றாகக் கைவிரித்துவிடும். அதனால் அவருடைய தளத்தில் கோடையில் டேங்கரை நிழலில் நிறுத்தி, எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நிரப்புவார்கள். இந்தக் குறிப்பை நாலு தடவை திருத்தினேன். இதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் வேறு கஷ்டம் இல்லை.

மே மாதம். நிழல் கொட்டகையின் கூரை காற்றில் பிய்ந்து மராமத்தில் இருந்தது. டேங்கர் வெயிலில் நின்றது. விஜய்பாண்டி திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் வீட்டில் லாரியில் பெட்டி ஏற்றினால் மேலே நனைத்த சாக்கைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தில், யாரிடமும் கேட்காமல், பத்துப் பன்னிரண்டு சாக்கை நனைத்து டேங்கர் முழுக்கப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த நேரத்தில் கூட வேலை பார்க்கும் ஜெபமணி வந்து, சாக்கை விலக்கி, வண்டியின் பக்கவாட்டில் பதித்திருந்த வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்து நாலு. எழுதிக் கையெழுத்துப் போட்டார். விஜய்பாண்டி திரும்பி வந்து சாக்குகளை எடுத்து ஓரமாக வைத்தார். நிரப்பினார்கள்.

விமானம் ஏறிய பதினோராவது நிமிடம் சூட்டு எச்சரிக்கை வந்தது. விமானி பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். டேங்கரில் மிச்சமிருந்ததன் சூட்டை உள்ளே வெப்பமானிக் கோல் விட்டு அளந்தார்கள். நாற்பத்தேழு டிகிரி.

3

இங்கேதான் எனக்கு விஜய்பாண்டி மேல் சந்தேகம் வந்தது. விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்தது: "ஜெபமணி பார்க்காமலே எழுதியிருக்கலாம்." சாக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆகா, அகப்பட்டான் வில்லன் என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். இரண்டாவது ஊசிக்குப் போனபோது நாகஜோதியிடம் படித்தும் காட்டினேன். பஞ்சை அழுத்தின விதத்திலேயே அவர் கோபம் தெரிந்தது.

"அவுகளுக்கு அப்பத் தெரியாது சார். சாக்குப் போட்டது நல்லதுக்குத்தானேன்னு நெனச்சாக. கேக்காம போட்டோமேன்னு கொஞ்சம் பயமும் இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. பயத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அது என்னிடமும் உண்டு.

4

பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தார் விஜய்பாண்டி. ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை முடிகிறது. ஜெபமணியை விமானப் பக்கமே விடாமல், கெட்ட பெயரோடு வேறு எங்காவது தள்ளிவிடுவார்கள். விஜய்பாண்டிக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வரவேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே பொருமினார்.

"வெயில்ல கெடந்த வண்டி எப்படி முப்பத்து நாலு காட்டும்? பய பாக்காமயே எழுதிட்டான்."

"வெயில்ல அப்படியேவா விட்டுட்டுப் போனீக?"

"சும்மா விடுவனா? நம்ம லோடுக்குப் போடுற மாதிரி நனச்ச சாக்கப் போட்டுத்தான் போனேன்."

நாகஜோதி கரண்டியைக் கீழே வைத்தார். "மீட்டரு மேலயுமா?"

"வண்டி பூராம்."

"ஏங்க, காச்சக்காரப் பிள்ளைக்கு நெத்தியில ஈரத்துணியப் போட்டுட்டு, அந்தத் துணிக்கடியில தொட்டுப் பாத்துக் காச்ச இல்லைன்னு யாராச்சும் சொல்லுவாகளா?"

விஜய்பாண்டி சாப்பிடுவதை நிறுத்தினார்.

(அவர் முகம் இடி விழுந்த— வேண்டாம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.)

ஜெபமணி பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. சொல்ல வைத்தது தன் சாக்கு. அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறைத்தது. சாக்கை விலக்கிப் பார்த்தவனுக்குச் சாக்கு இருந்தது தெரியுமே? அதிகாரிகள் மூன்று நாள் குடைந்து கேட்டும் "மீட்டர் காட்டியதை எழுதினேன்" என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. தான் அவனை மாட்டிவிட்டு எழுதிக் கொடுத்த பிறகும். விஜய்பாண்டிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

5

முடிவு அ: அதிகாரிக்கு ஃபோன் போட்டு உண்மையைச் சொல்கிறார். அதிகாரி அவர் நேர்மையை மெச்சி— (அடித்துவிட்டேன். எந்த ஆபீசில் அய்யா இப்படி நடக்கிறது?)

முடிவு ஆ: கையைக் கழுவிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். (இதை அடிக்க முயன்றேன். பேனா நகரவில்லை. உலகத்தில் அதிகம் நடப்பது இதுதான்.)

நடந்தது எது என்று மூன்றாவது ஊசியின்போது கேட்டேன். விஜய்பாண்டி ஜெபமணிக்குத்தான் முதலில் ஃபோன் போட்டாராம். நாகஜோதி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

"ஏலே, சாக்கப் பத்தி ஏன்டா சொல்லல?"

அந்தப் பக்கத்திலிருந்து ஜெபமணி சொன்னது:

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேண்ணே."

"அப்புறம்?" என்றேன் நான்.

"அம்புட்டுத்தான் சார். அதுக்கு மேல அவுக என்னா செஞ்சாகன்றது எங்க வீட்டோட இருக்கட்டும். சொன்னா நீங்க எழுதிருவீக."

ஆகவே எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதலாம், ஆனால் மேசையில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தரை நல்லவராக்குவதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. கதையில் நாளை காலை பத்து மணி வரை நேரம் இருக்கிறது. ஃபோன் அவர் கையில் இருக்கிறது. அடுத்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால், உங்களைக் காட்டிக்கொடுக்காமல் எங்காவது ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாரா என்று மட்டும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.