சுப்புராயன் சாகமாட்டேன் என்கிறார்

ஒரு ஆளைக் கொல்வது இவ்வளவு பெரிய வேலை என்று அன்பரசுவுக்கு யாரும் சொல்லவில்லை. அதுவும் சொந்த மாமனாரை.

பதற வேண்டாம், கொன்றதெல்லாம் விளையாட்டில்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்த அன்பரசு, லீவு நாட்களில் கம்ப்யூட்டரில் ‘நிலவறை’ என்றொரு விளையாட்டை ஆடுவான். ஆடும்போதே வாய் ஓயாமல் பேசுவான். அதை அப்படியே பதிவு பண்ணி யூடியூபில் போடுவான். பூமிக்கடியில் கைவிட்டுப்போன ஒரு தொழிற்சாலை. அதில் மாட்டிக்கொண்ட நீலச்சட்டைத் தொழிலாளி வெளியே வர வழி தேட வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆளுக்குப் பேரும் முகமும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அன்பரசு தன் மாமனார் சுப்புராயனின் பேரை வைத்தான். மீசையை வைத்தான். புருவத்தையும் நெற்றிக் குங்குமத்தையும்கூட விடவில்லை. தலைதீபாவளிக்குப் போனவனை விடியற்காலையில் எழுப்பி, எண்ணெய் வைக்கிறேன் என்று மண்டையில் அறைந்த மனிதர் அவர். சிதம்பரம், கடலூர் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து, தகரத்தைத் தட்டித் தட்டியே உரம் ஏறிய கை. அன்பரசுவுக்கு மழைக்காலம் வந்தால் அந்த இடம் இன்னும் வலிக்கும்.

ஆனால் அவன் ஆடுகிற லட்சணம் இருக்கிறதே, சமதரையில் நடந்தாலே சுப்புராயன் கால் இடறிச் செத்துப்போவார். செத்த மறுநொடி ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் சொட்டச் சொட்ட எழுந்து உட்காருவார். விளையாட்டைச் செய்தவன், ஆடுகிறவன் பாவம், மறுபடி ஆடட்டுமே என்று வைத்தது அது. பார்த்தவர்கள் அப்படி விடுவார்களா? செத்தவர் எப்படி எழுந்தார் என்று ஒருத்தன் கேட்டான். அன்றைக்குப் போயிற்று அன்பரசுவின் நிம்மதி.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். செத்தவர் செத்தவர்தான், தொட்டியில் எழுவது தொழிற்சாலை தயாரித்த நகல் என்றது நகல் கட்சி. மீசையின் இடது நுனி போன வாரம் மேலே பார்த்தது, இந்த வாரம் கீழே பார்க்கிறது, இதுக்கு என்ன பதில் என்று கேட்டது. இல்லை, அவர் சாகாவரம் வாங்கிய ஒரே ஆள், உடம்புதான் ஓய்வெடுக்கிறது என்றது சாகாவரக் கட்சி. அதன் தலைவன் குறிஞ்சிப்பாடிக்காரன். வடலூருக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குச் சாவில்லாத வாழ்வைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை அல்லவா? அவன் எழுதிய ஒரு கமென்டைப் படிக்க ஆரம்பித்தவர்கள், முடிக்கும்போது தலை நரைத்திருந்தார்கள் என்று கேள்வி.

அன்பரசுவுக்கு அலுத்துவிட்டது. அலுப்பு என்றால் சாதாரண அலுப்பு இல்லை. குளித்தாலும் போகாத அலுப்பு. வாரமெல்லாம் ஃபைல், லீவு நாளில் நிலவறை. ஒரு வாரம் இருமினான். பழைய அன்பரசுவுக்கு இருமல் கிடையாது, பேசுகிறவனையே மாற்றிவிட்டார்கள் என்று நகல் கட்சி எழுதியது. இன்னொரு வாரம் கொட்டாவி விட்டான். சாகாவரத்தின் சுமை அவனையும் தொற்றிவிட்டது என்று எதிர்க்கட்சி எழுதியது. தொடரை நிறுத்துகிறேன் என்று சொல்லியே பார்த்தான். “புது நகல் தயாராவ டைம் ஆவும், வெயிட் பண்றோம் அண்ணே” என்று ஆறுதல் சொன்னார்கள். ஆபீசிலும் தப்ப முடியாது. கண்காணிப்பாளர் பிரிசில்லா மேடம் சாகாவரக் கட்சி. லீவு லெட்டரை நீட்டினால், “அந்த ஆறாவது கதவுக்குப் பின்னாடி என்னா இருக்கு, அத மொதல்ல சொல்லு” என்பார்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் முகத்தில் விழுகிற வரைக்கும் தூங்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். அதற்குச் சுப்புராயன் செத்தாக வேண்டும், செத்தவர் எழக்கூடாது.

இரண்டாம் சனிக்கிழமை காலையில் முடித்துவிட்டான். ஏணியிலிருந்து சுப்புராயனைக் கீழே விட்டான். தொட்டியில் எழுவதற்குள் விளையாட்டை நிறுத்தி, இதுவரை ஆடிச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எல்லாரும் பார்க்கவே அழித்தான். “சுப்புராயன் போயிட்டாரு. இனிமே நகலும் இல்ல, வரமும் இல்ல. நன்றி, வணக்கம்.” வீடியோவைப் போட்டான், போனைக் கவிழ்த்தான்.

மறுநாள் அவன் கண்ட தூக்கத்தில் கெடிலம் ஆறே தலைமாட்டில் புரண்டு ஓடியிருந்தாலும் தெரிந்திருக்காது. அதைப் பிளந்துகொண்டு போன் அடித்தது. ஆபீஸ் சிநேகிதன் ஹிதாயத்துல்லா. ஏதோ விசேஷத்துக்குச் சிதம்பரம் போயிருந்தான்.

“மச்சான், மனச தேத்திக்க. இப்பத்தான் பஸ் ஸ்டாண்டு சுவத்துல பாத்தேன். ஒங்க மாமனாரு.”

“மாமனாருக்கு என்னா?”

“போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. நான் பூ வாங்கிகினு நேரா வூட்டுக்குப் போறேன். நீங்க வாங்க.”

கறுப்பு பார்டர் கட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மீசையும் குங்குமமுமாகச் சுப்புராயன். இயற்கை எய்தினார் என்று கொட்டை எழுத்து. அன்பரசு எழுந்து உட்கார்ந்தான். சனிக்கிழமை விளையாட்டில் கொன்றோம், ஞாயிற்றுக்கிழமை நிஜத்தில் போய்விட்டார்.

மனைவி அறிவுமதி அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ராசம்மாள் எடுத்து, “சீக்கிரம் வாடி, வாசல்ல சனம் கூடிப்போச்சு” என்று ஓவென்று அழுதாள். அதற்கு மேல் மகள் என்ன கேட்பாள்? “எங்கம்மா அழுவுதுங்க” என்று போனை வைத்தாள்.

சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், அழுகிறவளின் முதுகைத் தடவி, எப்ப போனாரு என்று கேட்டாள். சனிக்கிழமை என்றான் அன்பரசு, தான் கொன்ற நாளைச் சொல்லி.

“அடப் பாவமே. சனிப் பொணம் தனியாப் போவாது தம்பி. ஒரு கோழிக்குஞ்ச கட்டி அனுப்பச் சொல்லு.”

அன்பரசு வெளியே பார்த்தான். கூடப் போவது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பயத்தைவிட, போனால் போகட்டும், அங்கேயாவது படுக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவு அசதி.

புதுச்சத்திரம் தாண்டியபோது மறுபடி போட்டோவை எடுத்துப் பெரிதாக்கினான். சுப்புராயன் போட்டிருந்தது நீலச்சட்டை. காலரில் தொழிற்சாலை நம்பர். காக்கியைத் தவிர வேறு சட்டையை அந்த மனிதர் கல்யாணத்துக்குக்கூடப் போட்டதில்லையே. கீழே கடைசி வரியில், ‘ஆழ்ந்த வருத்தத்துடன்: நகல் கட்சி, சிதம்பரம்.’

“அறிவு,” என்றான். “ஒங்கப்பா உயிரோட இருக்காரு.”

அறிவுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். “இது என்னா கட்சி? எங்கப்பா எந்தக் கட்சியிலியும் இல்லியே.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்க பி.முட்லூர் வந்துவிட்டது. அவள் சிதம்பரம் வரைக்கும் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கம்பி உருகாமல் இருந்தது அதிசயம்தான்.

ஓமக்குளம் பக்கத்தில் மாமனார் வீட்டுத் தெரு முழுக்க ஜனம். அவர் சீட்டுக் கிழித்த பஸ்ஸில் ஒருதரம் ஏறி இறங்கியவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொன்னதாகும். ஷாமியானா போட்டாகிவிட்டது. வாசலில் பிரீசர் பெட்டி வேன். அதன் டிரைவரிடம் ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். “கட்டுன புருசன் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்காரு, யாருக்குடா பொட்டி?”

பந்தலுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியில், லுங்கியும் பனியனுமாகச் சுப்புராயன். பக்கத்து நாற்காலியில் அவருக்கு வந்த மாலைகள் அவர் உயரத்துக்குக் குவிந்திருந்தன. முதல் மாலை ஹிதாயத்துல்லாவினுடையது. அவன் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மாப்ள,” என்றார் சுப்புராயன். “ஒக்காருங்க. எழவு வூட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுன்னுட்டாங்க. ஓட்டல்லேர்ந்து சாப்பாடு வருது.”

அவருக்கு எதிரே குமராட்சியிலிருந்து வந்த தம்பி காத்தவராயன், ரோஜா மாலையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய மனத்தாங்கலோடு உட்கார்ந்திருந்தான்.

“தெருமொனையிலேர்ந்து மாரடிச்சிகினு வந்தேன்ணே. சனமே பாத்துது. நான் இருக்கேன்னு ஒரு போன் போடக் கூடாதா நீ?”

“நான் எதுக்குடா ஒனக்குப் போன் போட்டு நான் சாவலன்னு சொல்லணும்? நீ போட்டுக் கேக்கறது.”

“எழவு வூட்டுக்குப் போன் போட்டு, செத்தது நெசமான்னு எவன் கேப்பான்?”

அத்தனை பேரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். சுவரில் பார்த்தார்கள், பூக்கடைக்குப் போனார்கள், வந்துவிட்டார்கள்.

போஸ்டர் கடை தமிழ்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அன்பரசுவின் கையைப் பிடித்தான். நாற்பது வயசு ஆள். சிதம்பரத்தில் பாதிச் சாவு அவன் கடையில்தான் அச்சாகும். நகல் கட்சியின் ஊர்க்கிளையும் அவன்தான். “அண்ணே, கடைசி எபிசோடு பாத்தேன், சோறு எறங்கல. கடையில மாட்டி வைக்கலாம்னுதான் அடிச்சேன். ஒட்டுற பையன் கறுப்பு பார்டரப் பாத்ததும் கட்டோட எடுத்துகினு போயி விடியறதுக்குள்ள ஊரு பூரா ஒட்டிட்டான். அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாதுண்ணே. கறுப்பு பார்டர்னா லேட் பண்ணக் கூடாதுன்னு சொல்லி வச்சதே நான்தான்.” பிறகு சுப்புராயனை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தாழ்த்தினான். “ஆனா ஒண்ணுண்ணே, இவுரு இப்ப ஒரிஜினலா?”

சுப்புராயனுக்குக் காது கூர்மை. “நான் எதுல செத்தேன்?” என்று கேட்டார்.

தமிழ்மணி தன் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். பந்தலே அவர் தோளுக்குப் பின்னால் குனிந்தது. நீலச்சட்டைச் சுப்புராயன் ஏணியில் ஏறினார், வழுக்கினார், போய்ச் சேர்ந்தார்.

மாமனார் போனைத் திருப்பிக் கொடுத்தார். பேர் வைத்ததற்குக் கோபமில்லை, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியதற்குக் கோபமில்லை.

“ஏணியிலியா?” என்றார். “ஓடற பஸ்ஸுல பின்படியில ஒத்தக் கால்ல நின்னு சீட்டுக் கிழிச்சவன் நான். ஏணியில வழுக்கி வுழுந்து செத்தேன்னு ஊரு பூரா காட்டியிருக்கீங்க. வேணும்னே வுட்டீங்களா மாப்ள?”

அன்பரசுவுக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. “ஆமா மாமா. வேணும்னேதான். என்னால முடியல. நானும் எத்தினியோ தடவ நிறுத்திப் பாத்துட்டேன், வுட மாட்டேங்கறாங்க. எனக்கு ஒரு நாளு தூங்கணும்.”

பி.முட்லூருக்குப் பிறகு அறிவுமதி இப்போதுதான் வாயைத் திறந்தாள். “நெசந்தான்ப்பா. ஆபீசுக்குப் போறச்சே சாவியக் கதவுலியே வுட்டுட்டுப் போறாரு. மூஞ்சியப் பாரு.”

சுப்புராயன் மருமகனின் முகத்தைப் பார்த்தார். ராத்திரி கடைசி டிரிப்பில் கடைசி சீட்டில் தூங்கிப்போகிற ஆட்களின் முகத்தை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போனாலும் சில பேரை அவர் எழுப்பியதில்லை.

“செரி, நீங்க தூங்குங்க,” என்றார். “நான் ஆடறேன். அந்த ஏணிய நானே பாத்துக்கறேன்.”

“கம்ப்யூட்டரப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?” என்றாள் ராசம்மாள்.

“செத்தவனுக்கு இனிமே என்னாடி பயம்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மஞ்சக்குப்பத்துக்கு வந்துவிட்டார். பழையது எல்லாம் அழிந்துபோனதால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எந்தப் பொத்தான் எதற்கு என்று அன்பரசு காட்டினான். பாதிக் காட்டும்போதே அவர் அவன் கையைத் தட்டிவிட்டார். முதல் கதவிலேயே செத்தார். எழுந்தார். மறுபடியும் செத்தார். நீலச்சட்டைக்காரரைப் பார்த்து, “படியில நிக்காத, உள்ள போ, உள்ள எடம் இருக்கு” என்று அதட்டினார். நிலவறையில் வந்த பேயைச் சில்லறை இல்லாத பயணியைப் போல நடத்தினார். அவர் பேரில் அவரே ஆட, அவருடைய குரலே அவரை ஏச, கடலூர் மாவட்டமே வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தது.

நகல் கட்சிக்குத் தீபாவளி. சாகாவரக் கட்சிக்குப் பொங்கல். போஸ்டர் ஒட்டியும் சாகாதவர் என்று குறிஞ்சிப்பாடிக்காரன் இன்னொரு தலை நரைக்கும் கமென்ட் எழுதினான். பிரிசில்லா மேடம் அன்பரசுவின் லீவு லெட்டரில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இதைத்தான் அவனால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

நடு அறையில் மாமனார் தரையில் சம்மணமிட்டு ஏணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள் அறையில் அன்பரசு பாயில் படுத்து, தூக்கம் வருகிற வரைக்கும் போனைப் புரட்டினான். மேலேயே தமிழ்மணி எழுதியிருந்தான்: “இவுரு குரல் ஒரிஜினல். அப்ப அன்பரசு அண்ணன்தான் அன்னைக்கு செத்தது. நமக்குத்தான் சொல்லல.” கீழே நூற்றுக்கணக்கில் கண்ணீர் பொம்மைகள். ஒருவன் அன்பரசுவின் படத்துக்குக் கறுப்பு பார்டர்கூடப் போட்டுவிட்டான்.

பதில் எழுத விரல் போனது. எதற்கு என்று தோன்றியது. போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.