பூவும் கேட்கவில்லை, தலையும் கேட்கவில்லை

நாணயத்தைச் சுண்டிவிட்ட பிறகுதான் லோயிஸ் ப்ரெக்கிக்கு உறைத்தது. பூ யாருக்கு, தலை யாருக்கு என்று இன்னும் ஒருவரும் சொல்லவே இல்லை.

நாணயம் மேசையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தலையைக் காட்டிக்கொண்டு படுத்தது. கணினித் திரையில் இரண்டு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று ஹால்டார் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் ஆர்வில் குவாம். மற்றது வின்ஸ்லோ கல்லூரிக்கு இந்த வருஷம்தான் இயக்குநராக வந்த ஜோலீன் ஹைன்மன்.

வடக்கு அயோவாவில் எட்டுச் சின்னக் கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு லோயிஸ் கமிஷனர். பெயர்தான் பெரிது. பல் மருத்துவர் ஒருவரின் மாடியில் ஓர் அறை, ஒரு காப்பி இயந்திரம், அவள் ஒருத்தி. ஆட்டங்களுக்கு அட்டவணை போடுவாள், நடுவர்களை அனுப்புவாள், பனிப்புயல் வந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பாள். தோற்றவர்கள் தொலைபேசியில் கத்துவதைக் கடைசிவரை கேட்பாள். ஜெயித்தவர்கள் யாரும் கமிஷனரைக் கூப்பிடுவதில்லை. ஓரத்து மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதும் பெண்ணாகத் தொடங்கி, தலை நரைக்கும்போது இந்த நாற்காலிக்கு வந்தவள் அவள். எவர் பக்கமும் சாயாதவள் என்ற ஒரு பெயர்தான் அவளுடைய சம்பாத்தியம்.

இந்த வருஷம் பெண்கள் கூடைப்பந்தில் ஹால்டாரும் வின்ஸ்லோவும் சமமாக முதலிடத்தில் நின்றன. ஒருவரையொருவர் ஒருமுறை வென்றிருந்தார்கள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சமம். அப்படியானால் கமிஷனர் பூவா தலையா போட வேண்டும், ஜெயிக்கிற கல்லூரி இறுதி ஆட்டத்தை நடத்தும் என்பது விதி; வழக்கமாகத் தன் அரங்கில்தான். மற்ற வருஷங்களில் இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஹால்டார் கல்லூரியை மே மாதத்தோடு இழுத்து மூடுகிறார்கள். மாணவர்கள் போதவில்லை. இறுதி ஆட்டம் அங்கே நடந்தால் அந்தப் பழைய அரங்கு கடைசியாக ஒருமுறை நிறையும். இல்லாவிட்டால், போன வாரம் பனிப்புயலில் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் ஆடினார்களே, அதுதான் அதன் கடைசி ஆட்டம்.

லோயிஸும் ஆர்விலும் ஹால்டாரில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தத் தரையில் அவள் ஆடியிருக்கிறாள். அது எட்டுக் கல்லூரிக்கும் தெரியும்.

குழப்பம் வந்தது மரியாதையால். நாணயம் மேலே போகுமுன் ஒருவர் பூ என்றோ தலை என்றோ கேட்க வேண்டும். நீயே கேளம்மா என்றார் ஆர்வில். நீங்கள் பெரியவர், நீங்களே கேளுங்கள் என்றாள் ஜோலீன். உன் பிள்ளைகள் இந்த வருஷம் நன்றாக ஆடினார்கள், நீ கேள். ஐயோ, அதெப்படி, நீங்கள் கேளுங்கள். இந்த ஊர்ப்பக்கத்து ஜனங்கள் அப்படித்தான். சர்ச் விருந்தில் தட்டில் கடைசித் துண்டு பலகாரம் மிஞ்சினால், ஒருவர் பாதி வெட்டுவார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி வெட்டுவார். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்தாலும் எடுத்து வாயில் போடமாட்டார்கள். அந்தப் பேச்சை வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகிய லோயிஸ், பாதியில் காதை மூடிக்கொண்டாள். முடிந்திருக்கும் என்று நினைத்துச் சுண்டிவிட்டாள்.

"தலை விழுந்திருக்கு," என்றாள் மெல்ல.

"அப்ப உங்களுக்குத்தான் சார்," என்றாள் ஜோலீன். "நீங்க தலைதானே கேட்டீங்க?"

"நான் எதையும் கேக்கலம்மா. கேட்டது நீ."

"நானும் கேக்கலையே."

"அப்ப உனக்குன்னே வெச்சுக்கோ. சாகப்போறவனுக்கு வாயில பால் ஊத்துற மாதிரி யாரும் எங்களுக்கு எதையும் ஊத்த வேணாம்." ஆர்வில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஜோலீன் முகம் சிவந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்துப் பேசலாம் என்று லோயிஸ் திரையை அணைத்தாள். விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். கமிஷனர் நாணயம் சுண்டுவார் என்று இருந்தது, அவ்வளவுதான். யாரும் கேட்காமலே சுண்டிவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

அதைவிட வேறொன்று அவளை அரித்தது. நாணயம் காற்றில் இருந்த அந்தக் கணத்தில் அவள் மனம் தானாகவே, தலை ஹால்டாருக்கு என்று சொல்லிவிட்டிருந்தது. தலையே விழுந்துமிருக்கிறது. இது ஆண்டவர் கொடுத்த பதிலா, தன்னுடைய ஆசையா? ஆசையென்றால் அதைத் தள்ள வேண்டும். பதிலென்றால் தள்ளுவது பாவம். ஆண்டவரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைக் கொண்டு யாரும் காயப்படாமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பல் மருத்துவரின் நோயாளி ஒருவர், கன்னத்தைப் பிடித்தபடி, இன்னொருவர் காரின் மேலிருந்த பனியையும் சேர்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி இருவரும் திரைக்கு வந்ததும், முதல் சுண்டல் செல்லாது, இந்த முறை நானே பிரிக்கிறேன் என்றாள் லோயிஸ். தலை வின்ஸ்லோவுக்கு, பூ ஹால்டாருக்கு. தன் மனம் சொன்னதற்கு நேர்மாறாக.

மறுபடியும் தலையே விழுந்தது.

"சரி, நேர்மையா நடந்துச்சு. நல்லா ஆடுங்கம்மா," என்றார் ஆர்வில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

அன்று மதியம் லோயிஸ் விதிப்புத்தகத்தை மறுபடியும் புரட்டினாள். தான் செய்தது நேர்மையா, நாலு பேர் வாய்க்குப் பயந்த கோழைத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ஜோலீன் பனியில் வண்டியோட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் ஒரு தட்டு எலுமிச்சைப் பலகாரம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஆட்டத்தை நடத்தும் கல்லூரிதான் அரங்கைக் குறிப்பிட வேண்டும் என்று விதியில் இருக்கிறதல்லவா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் லோயிஸ். எங்கள் அரங்கின் தரைமேல் எனக்கு ஒரு சந்தேகம் என்றாள் ஜோலீன்.

"தரைக்கு என்ன?"

ஜோலீன் பலகாரத் தட்டைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மேடம். பொய் சொல்ல வரல எனக்கு. ஹால்டார்லயே ஆடிக்கிறோம். நடத்துறவங்க நாங்கதான், இடம் மட்டும் அவங்களுது."

லோயிஸுக்கு உடனே சரி என்று சொல்லத்தான் ஆசை. ஆனாலும் கமிஷனர் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "உன் பொண்ணுங்க வருஷம் முழுக்க ஓடிச் சம்பாதிச்சது இது. அதை நீ எடுத்துக் கொடுத்தா எப்படி?"

"அவங்ககிட்டதான் முதல்ல கேட்டேன். அவங்க ஹால்லயே அவங்கள ஜெயிச்சாத்தான் ஜெயிச்ச மாதிரின்னு சொல்லுதுங்க. திமிரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஆர்வில் சாருக்கு யார் சொல்றது? பால் ஊத்துறோம்னுதான் நினைப்பார்."

அவள் போன பிறகு லோயிஸ் அறைக்குள் நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். கொடுத்தால் வாங்கமாட்டார். கொடுக்காமல் எப்படிக் கொடுப்பது? கடைசியில் தொலைபேசியை எடுத்தாள்.

"ஆர்வில், ஓர் உதவி வேணும். வின்ஸ்லோக்காரங்க அவங்க அரங்குல நடத்தல. உன் அரங்கை இரவல் கேக்குறாங்க. ஆட்டம் அவங்களுதுதான், நீங்க விருந்தாளி அணி."

அவர் புரிந்துகொள்வாரா, கோபப்படுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க அரங்குல நாங்களே விருந்தாளியா," என்றார் ஆர்வில்.

"ஆமா."

"இரவல்னு கேட்டா, எப்படி லோயிஸ் இல்லன்னு சொல்றது." பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. "தரையைத் துடைக்கணும். பாப்கார்ன் மெஷினும் ரிப்பேரு. போனை வெக்கிறேன்."

சனிக்கிழமை மதியம் ஹால்டார் அரங்கில் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. வெள்ளைச் சட்டை நடத்தும் அணிக்குரியது என்பதால் சொந்த அரங்கிலேயே அதைப் போட முடியாத ஹால்டார் பெண்கள், பழக்கதோஷத்தில் தங்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு, நடுவர் சொன்னதும் எழுந்து எதிர்ப்பக்கம் போனார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பவர் எந்த அணிக்குக் குரலை உயர்த்துவது என்று தெரியாமல் இரண்டுக்கும் உயர்த்தினார். பழைய மாணவர்கள் தொலைதூரத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வின்ஸ்லோ பெற்றோர் கதவருகில் நின்று அவர்களுக்கு வழிவிட, அவர்கள் இவர்களுக்கு வழிவிட, இருசாராரும் உள்ளே வரவே நேரமாயிற்று. வேறொரு கல்லூரி இயக்குநர் லோயிஸை மறித்து, இது கெட்ட முன்னுதாரணம், அடுத்த வருஷம் எல்லோரும் இப்படிக் கேட்பார்கள் என்று எச்சரித்தார். இருக்கலாம் என்றாள் அவள். உண்மையிலேயே இருக்கலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை மேலே எறியும் நேரத்தில், கையில் பாப்கார்னோடு ஒரு முதியவர் அவளிடம் வந்து குனிந்தார்.

"இதுல ஹால்டார்க்காரங்க எந்தப் பக்கம் உக்காரணும்? யாரு வீட்டு ஆட்டம்மா இது?"

"எனக்கே தெரியலங்க," என்று லோயிஸ் நகர்ந்து உட்கார்ந்தாள். "இங்க இடம் இருக்கு. உக்காருங்க."