வெந்நீர்க் குழாய்

நல்லகாமன் குளியலறைக் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு ஒரு சொட்டு. குளிர்ந்திருந்தது. பின்கட்டில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளறையில் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மனைவி அன்னக்கொடி ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வெந்நீர் வாளியைத் தூக்கி வந்தாள்.

"என்ன பாய், குழா ரிப்பேருக்கு வந்தீங்களா, நான் தூக்குறத வேடிக்க பாக்க வந்தீங்களா?"

பிளம்பர் ஷேக் தாவூது குழாயில் காதை வைத்திருந்தார். "காத்து அடைச்சிருக்குண்ணே" என்றார்.

"எங்க?"

தாவூது சுவரைக் காட்டினார்.

பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர். விளாங்குடியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு அது. கொடைக்கானலுக்கு லாரி ஓட்டிய நாட்களில் ஒரு பங்களாவில் குழாயைத் திருகியதும் வெந்நீர் வந்ததைப் பார்த்துவிட்டு, நம் வீட்டிலும் வேண்டும் என்றவன் தம்பி மொக்கையன். போன ஆடியில் வீடு இரண்டானது. பாய்லர் அண்ணன் பங்கில் வந்தது. ஆனால் குழாய் தம்பியின் அறை வழியாக மேலேறித் திரும்பித்தான் அண்ணனின் குளியலறைக்கு இறங்கியது. அவன் பக்கம் ஒரு சொட்டு போகக் கூடாது என்றார் நல்லகாமன். தாவூது அங்கிருந்த குழாயைக் கழற்றிவிட்டு மூடி போட்டார். சில நாளில் இந்தப் பக்கமும் வெந்நீர் நின்றது. அதற்குள் மொக்கையன் விழுந்துவிட்டான். வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போனது. நல்லகாமன் ஆஸ்பத்திரிக்குப் போனார். சைக்கிள் ஸ்டாண்டுவரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

"ஒங்க தம்பி குழாயத் தொறக்குறப்பல்லாம் காத்து அது வழியாப் போயிட்டிருந்துச்சு. இப்பப் போக்கிடம் இல்ல. அங்க போயி மூடியத் தளத்தணும்."

"மூடுனது நீங்கதான பாய்."

"மூடச் சொன்னது யாரு?"

"நல்லாக் கேளுங்க" என்றாள் அன்னக்கொடி.

தாவூது ஸ்பானரை எடுத்துக்கொண்டார். "நீங்களும் வாங்கண்ணே. பக்கத்து வாசல்தான?"

"நான் எதுக்கு?"

"அப்ப நான் குழாயில ரெண்டு தட்டு தட்டுனதும் இங்க தொறங்க."

சுவருக்கு அப்பால் கதவு திறந்தது. தம்பி மனைவி ஒச்சாயியின் குரல் கேட்டது. "அந்த வீட்டுக்கு வெந்நி வேணுமாக்கும்? இங்க மனுசனுக்கு ஒடம்பு தொடைக்க நான் அடுப்புல பானய வச்சு ஊதிக்கிட்டுக் கெடக்கேன். வாங்க பாய், கட்டில்ல இடிச்சுக்காதீங்க."

இரண்டு தட்டு. நல்லகாமன் குழாயைத் திருகினார். அது இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு ஆவியோடு வெந்நீர் விழுந்தது.

தாவூது திரும்பி வந்தார். "மறுபடியும் அடைக்கும்ணே. அங்க குழா இருந்தாத்தான் நிக்கும்."

நல்லகாமன் வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எப்படி இருக்கான்?"

"என் கையையே பாத்துக்கிட்டிருந்தாரு. குழாயத் தட்டுனப்ப மட்டும் சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

"அங்க குழாய மாட்டிருங்க பாய்."

"கேட்டுப் பாத்தேன். இனிமே எதுக்குன்னுட்டாங்க அந்தம்மா."

அப்போது குழாயில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. தாவூது இங்கேதான் நின்றிருந்தார். டம்ளரால் தட்டுவதுபோல மெல்லிய சத்தம். விட்டு, மறுபடியும் இரண்டு.

"ஒங்க தம்பி ஒங்களத்தான் கூப்புடுறாரு" என்றாள் அன்னக்கொடி.

நல்லகாமன் தாவூதின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினார். குழாய்வரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. அந்தப் பக்கம் இன்னொரு முறை தட்டியது. பிறகு தட்டவில்லை. வாளி நிரம்பி வழிந்து வெந்நீர் அவர் பாதத்தில் ஓடியது. அவர் காலை எடுக்கவில்லை.