குறையாத கூலன்ட்

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் அளவுகோல். கட்டட வரைபடம் போடுகிறவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார், பேச்சையும் அளந்துதான் பேசுவார். அவருடைய இருபத்திரண்டு வயதுக் காருக்கு மூன்று மாதமாக ஒரே நோய். எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் குறைகிறது, தரையிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அதிலும் குறைந்தால் வண்டியை விற்றுத் தலைமுழுகிவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, டப்பாவில் கூலன்ட் நின்ற மட்டத்துக்கு நேராகப் பேனாவால் கோடு போட்டார்.

தினமும் குளித்துவிட்டு வந்து பார்ப்பார். ஏழு நாளும் மட்டம் கோட்டிலிருந்து இம்மி பிசகவில்லை. மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மெக்கானிக் கோட்டை மதிக்கவே இல்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பாக இருக்கவேண்டியது வெளுத்துக் கிடந்தது.

"சார், யாரோ தினமும் இதுல வெறும் தண்ணி ஊத்துறாங்க."

அப்படி யாருமில்லை என்று அளவுகோல் அடித்துச் சொன்னார். மனைவி சுவரிலிருந்த காலண்டரை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

மெக்கானிக் டப்பாவில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் ஹோஸில் இருந்த விரிசல் வழியாகக் கசிந்தது. ஓடும்போது சொட்டுவது சூட்டில் அங்கேயே காய்ந்துவிடுகிறது, தரைக்கு வருவதில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் ரெடி என்றார்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அளவுகோல் மனைவியைப் பிடித்துக்கொண்டார். அவர் குளிக்கப் போனதும் அவள்தான் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிவிடுவாளாம். உண்மையைச் சொல்லியிருந்தால் போன வாரமே இங்கே வந்திருக்கலாமே என்று பொரிந்து தள்ளினார். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"வீட்டுல நீங்க வாயத் திறக்குறது சாப்பிட மட்டும்தான். ஸ்டியரிங்கப் பிடிச்சாதான் உங்களுக்குப் பேச்சே வருது. வண்டியும் போயிட்டா நான் யார்கூடப் பேசுறது?"

அவருக்குச் சுருக்கென்றது. மேலதிகாரி திட்டியதைச் சொன்னது, அப்பாவை நினைத்து அழுதது, இவளைப் பிடித்திருக்கிறது என்று முதல்முதலில் சொன்னது, எல்லாமே வண்டி ஓட்டும்போது சாலையைப் பார்த்துக்கொண்டுதான். இவள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதை வீட்டுக்குள் ஒருநாளும் சொன்னதில்லை.

பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"நடந்தே போவோமா?"

முதலில் ஸ்டியரிங் இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பிறகு ஹோஸைப் பற்றி ஆரம்பித்தார். அதிலிருந்து எதற்கெதற்கோ போனார். வீட்டு வாசல் வந்தும் பேச்சு முடியவில்லை. அவள் சாவியை எடுக்காமல் அடுத்த தெருப்பக்கம் திரும்பினாள்.