கறுப்புக் காயும் கடிகாரமும்

என் தங்கை பஸ் ஓட்டுகிறவள். காலை ஷிப்ட்டை முடித்துவிட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கறுப்புக் காய்கள். வெள்ளைதான் முதலில் நகர்த்தும் என்பதால் கறுப்புக்கு எப்போதும் ஓர் அடி பின்தங்கல்தான். டிரா போதாது, ஜெயித்தால்தான் நகர அணியில் இடம். எதிரே அதே பேங்க் மேனேஜர்.

'அதே' என்றதற்குக் காரணம் உண்டு. செஸ்ஸில் காயை நகர்த்தியதும் கடிகாரத்தைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் நம் நேரம்தான் கரையும். போன வருடம் இவள் பதற்றத்தில் தட்ட மறந்தாள். அந்த மனிதர் பார்த்தும் பார்க்காத மாதிரி, கன்னத்தில் கை வைத்து யோசிப்பதாக நடித்தார். நேரம் தீர்ந்து இவள் தோற்றாள். விதிப்படி தப்பில்லையாம். நான் தையல்காரி, எனக்கு விதி தெரியாது, வயிற்றெரிச்சல் தெரியும். ஒரு வருடமாக அவரைத் திட்டாத நாளில்லை.

இன்றும் ஆட்டம் இழுபறி. அவருக்கு இரண்டு நிமிடம் மிச்சம்; இவளுக்கும் அவ்வளவே. அவர் யானையை நகர்த்தினார். அந்த நகர்வைத் தாளில் குறித்தார். கைக்குட்டையால் முகம் துடைத்தார். கடிகாரத்தைத் தட்டவில்லை!

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மனசுக்குள் சொன்னேன்: பேசாம இருடி, பேசாம இரு.

அவள் விரலை நீட்டினாள். "சார், நீங்க கடிகாரத்தைத் தட்டலை."

என் கையில் கத்தரிக்கோல் இல்லாதது நல்லதாயிற்று.

அவர் காது சிவக்கத் தட்டினார். இவள் நேரம் ஓடியது. ஒரு நிமிடம் யோசித்தாள், பாவி. பிறகு குதிரையைத் தூக்கி வைத்தாள். ராஜாவுக்கு செக், அதே தாவலில் ராணிக்கும் குறி. ராஜாவைக் காப்பாற்றினால் ராணி போகும். அவர் பலகையையே வெறித்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து கை நீட்டினார்.

"போன வருஷம் நானும் சொல்லியிருக்கணும்மா," என்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, வாயை மூடிட்டு இருந்தா சும்மாவே ஜெயிச்சிருப்பியே?"

"அப்ப கடிகாரம்தானே ஜெயிச்சிருக்கும், அக்கா. நான் அவரைத்தானே ஜெயிக்கணும்."

திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

அவளுக்கு மாலை ஷிப்ட்டும் இருந்தது. கடையைத் திறக்காமல் நானும் அந்த பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்களிடம், கேட்காதவர்களிடமும், சொன்னேன்: "ஓட்டுறது என் தங்கச்சி."