ஒரு தட்டுக்கு நாற்பது லாரி

“எம்மக இங்கன மொளகாக் காட்டுல உக்காந்துக்கிட்டு ஒத்த விரலால ஒரு தட்டுத் தட்டுனா, ஆப்பிரிக்காவுல நாப்பது லாரி கெளம்பும்லே!”

சோணைமுத்து இந்தப் பூமியில் கடைசியாகப் பேசியது இதுதான். கூத்தையாவின் டீக்கடை பெஞ்சில், பாதி உளுந்தவடை வாயிலும் பாதி கையிலுமாக இதைச் சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்தார். பதில் சொல்ல வழியில்லாமல் தூங்குவதுபோல நடிக்கிறார் என்று கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கி, ஆளுக்கொரு டீ குடித்து, மறுபடி ஒருமுறை சிரித்த பிறகு கூத்தையா அவர் கையிலிருந்த மிச்ச வடையைப் பிடுங்கினான். அவர் கண் திறக்கவில்லை. சோணைமுத்து வடையை விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அப்போதுதான் ஊருக்குச் சந்தேகம் வந்தது.

ராமநாதபுரம் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் பையோடு அப்படியே பஸ் ஏறிவந்த உமையாள் வீட்டுக்குள் நுழைந்தபோது, நாலு பேர் அவள் அய்யாவை ஐஸ் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி சின்னது. அய்யா நெட்டை.

“முட்டிய மடக்குங்கப்பா” என்றார் ஒருவர்.

“மடக்குனா தல தூக்குது.”

“தலய அமுக்கு.”

“அவரு தல என்னைக்குடா அமுங்கியிருக்கு?”

பெட்டியையும் ஜெனரேட்டரையும் வாடகைக்குக் கொண்டுவந்திருந்த வாவு முகம்மது, கொஞ்சம் சாய்த்துவைத்தால் சரியாகிவிடும் என்று தொழில்நுட்பம் சொன்னார். சாய்த்துவைத்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக் கிடைத்தவர்போல, ஒருபக்கமாகத் தலைசாய்த்து, சௌகரியமாகவே இருந்தார் சோணைமுத்து.

அது மிளகாய் வற்றல் காய்கிற மாதம். முற்றம் முழுக்கப் பரப்பியிருந்த பழத்தை அள்ள நேரமில்லாமல் அப்படியே மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நெடியில் துக்கத்துக்கு வந்தவர்களில் அழாதவர் ஒருவர்கூட இல்லை. வரப்புத் தகராறில் அய்யாமேல் கேஸ் போட்டவர் தேம்பித் தேம்பி அழுதார். வாடகை பேச வந்த வாவு முகம்மதுவுக்கே கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. மூக்கைச் சிந்திய கையோடு, “மனுசன்னா இப்பிடிச் சாகணும்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அய்யா சொன்ன லாரிக் கதைக்கு ஒரு விதை இருந்தது. சுனாமிக்குப் பிறகு ராமநாதபுரத்தில் வந்திறங்கிய வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று, கடற்கரைக்குப் படகும் வலையும் கொடுத்து முடித்துவிட்டுக் கிளம்பும்போது ஒரே ஒரு அறையை மட்டும் விட்டுச் சென்றது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் அவர்களுடைய சரக்குக் கிட்டங்கிகளில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போன் அந்த அறைக்குத்தான் வரும். எடுப்பது உமையாள். பூட்டிக்கொண்ட கணக்கைத் திறந்துவிடுவாள், நின்றுபோன பிரிண்டரை ஓடவைப்பாள், ‘அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்’ என்பதை மரியாதையான இங்கிலீஷில் சொல்வாள்.

ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் அய்யாவிடம் வாய்விட்டுவிட்டாள். ஆப்பிரிக்காவில் ஒரு கிட்டங்கி. அங்கே பிரிண்டர் அடித்துக் கொடுக்கும் சீட்டு இருந்தால்தான் தானிய லாரி வாசலைத் தாண்ட முடியும். பிரிண்டர் நின்றுவிட்டது. தான் இங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் அதை ஓடவிட்டதும் ஒரு லாரி கிளம்பியது. அவ்வளவுதான் சொன்னாள். மற்றதை அய்யா பார்த்துக்கொண்டார். மறுநாள் டீக்கடையில் அது ரெண்டு லாரி. பொங்கலுக்குள் குட்டி போட்டுப் பதினைந்து. மாசிக் களரிக்கு நாற்பது.

மாசிக் களரியில்தான் வினையே. குலசாமி கோயில் பந்தலில், ஊர் மொத்தமும் இலைபோட்டு உட்கார்ந்திருக்க, அய்யா தன் மச்சினன் மூக்கையாவைப் பார்த்து, “முப்பது வருசமா ஸ்டியரிங்கப் புடிச்சு என்னத்தக் கிழிச்சீக? எம்மக ஒத்த வெரல்ல நாப்பது வண்டியக் கெளப்புறா” என்றார். மூக்கையா கருவேலங்கரி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கும் ஆந்திராவுக்கும் லாரி ஓட்டியவர். ஓட்டுவது என்ன, ஏழு மலையையும் ரிவர்ஸ் கியரில் ஏறியவர் என்று அவரே சொல்வார். கையிலிருந்த கறித்துண்டை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

“வண்டி கெளம்பணும்னா சாவி வேணும், டீசல் வேணும், டிரைவர் வேணும். வெரலா கெளப்பும்? ஏத்தா உமையா, நீ சொல்லு. நெசமா?”

பந்தல் மொத்தமும் அவளைப் பார்த்தது. அய்யாவும் பார்த்தார். எங்கிருந்து ஆரம்பித்து எப்படி விளக்குவது என்று தெரியாமல் உமையாள் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அய்யாவுக்குப் பெயர் ‘நாப்பது லாரி’. அவர் தெருவில் வந்தால் சின்னப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி நின்று “பாம் பாம்” என்று ஹாரன் அடித்தன. மாட்டைக்கூட “ஏய், லாரி வருது” என்று விரட்டினார்கள். அவரோ லாரியைக் குறைக்கவே இல்லை.

இப்போது அந்த மூக்கையா தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள் கோடிச் சேலை.

புருசன் செத்தால், பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். இது மூக்கையாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் உள்ளே வராமல் வாசலில் நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்தார்.

“வாண்ணே” என்று அழுதபடி வந்தாள் அம்மா முத்தழகு.

“வாரேன். மொதல்ல ஒரு ஞாயம் இருக்கு. ஊருக்கு முன்னால என்னயக் கேவலப்படுத்துனாருல்ல உம்புருசன்? அது பொய்யின்னு இதே ஊருக்கு முன்னால சொல்லுங்க. கோடியப் போடுறேன்.”

கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“பொய்தாண்ணே. அந்த மனுசன் வாயத் தொறந்தா வேற என்ன வந்துச்சு? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அரமனையில வேலைன்னு சொன்ன ஆளு. கோடியப் போடு, வெயிலு ஏறுது, பொணம் நாறும்.”

“நீ சொல்லாத. அவ சொல்லட்டும்” என்று மூக்கையா உமையாளைக் காட்டினார். “வேல பாக்குறவ அவதான? அய்யா சொன்னது புளுகுன்னு ஒத்த வார்த்த.”

மறுபடியும் ஊர் மொத்தமும் அவளைப் பார்த்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அய்யா மட்டும் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லேன்டி” என்றாள் அம்மா, பல்லுக்குள். “செத்தவுகளுக்கு என்ன மானம்?”

உமையாள் வாயைத் திறந்தாள். அவள் கையிலிருந்த போன் அடித்தது.

ஆபீஸ் மேலதிகாரி குருநாதன். “அப்பா விசயம் கேள்விப்பட்டேன்மா, ரொம்ப ரொம்ப வருத்தம். ஒரு பத்து நிமிசம் ஃப்ரீயா இருப்பியா?”

“சார், இன்னும் எடுக்கலை சார்.”

“அதான் கேக்குறேன். எடுத்துட்டா நீ பிசி ஆயிருவ. ஆப்பிரிக்கா கிட்டங்கியில பிரிண்டர் மறுபடி படுத்துருச்சு. அங்க இருக்குற யூசுப் கத்துறான். வழியில ஆத்துல வெள்ளம் வருதாம், இப்பக் கெளம்பலைன்னா வண்டி அந்தக் கரைக்குப் போக ஒரு வாரமாகும். அந்தப் பக்கம் முகாம்ல பச்சப்புள்ளைகளோட சனம் ஒக்காந்திருக்கு. உன் கம்ப்யூட்டர்ல இருந்து மட்டும்தாம்மா அதுக்குள்ள போக முடியும்.”

உமையாள் பையைத் திறந்தாள். கம்ப்யூட்டர் உயிரில்லாமல் கிடந்தது. சார்ஜ் துளிகூட இல்லை. ஊரில் கரண்டு போனது காலையில். எப்போது வரும் என்பது அந்த முனியய்யா சாமிக்கே வெளிச்சம். வீட்டில் மின்சாரம் இருந்த ஒரே இடம் அய்யாவின் பெட்டி.

“பாய், ஜெனரேட்டர்ல இன்னொரு வயர் சொருகலாமா?”

வாவு முகம்மது தலையைச் சொறிந்தார். “ரெண்டு ஓட்டை இருந்துச்சும்மா. ஒண்ணு கருகிப்போச்சு. சுவிட்ச் பெட்டிய நேத்து ஒரு எழவு வீட்டுல மறந்துட்டேன். ஒண்ணு ஒங்க அத்தா, இல்லாட்டி கம்ப்யூட்டர்.”

உமையாள் பெட்டியைப் பார்த்தாள். ஜெனரேட்டரைப் பார்த்தாள். குனிந்து அய்யாவின் வயரைப் பிடுங்கினாள்.

பெட்டி ஒரு முனகலோடு அடங்கியது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் “அடிப்பாவி” என்றதில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்து காரங்காடு வரைக்கும் போயிருக்கும்.

“பெத்த அப்பன் வயரப் புடுங்குறாளே!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“விடு தாயி” என்றான் கூத்தையா. “ஏற்கனவே செத்தவருதான. ரெண்டாந்தரமா சாகப்போறாரு?”

இன்டர்நெட்டுக்காகத் தன் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் அதில் பேச முடியாது. உமையாள் நிமிர்ந்தாள். “மாமா, உங்க செல் நம்பரக் குடுங்க. ஆப்பிரிக்காவுல இருந்து யூசுப்னு ஒராளு உங்களுக்குப் போடுவாரு. காதுல வச்சுக்கிட்டு, அங்க என்ன கேக்குதுன்னு சொல்லுங்க.”

“எனக்கா? ஆப்பிரிக்காவுல இருந்தா?” மூக்கையா சிரித்தார். “அப்பன் போயி மக ஆரம்பிச்சுட்டா. போடச் சொல்லு பாப்போம்.”

குருநாதனிடம் நம்பரைச் சொன்னாள். சற்று நேரத்தில் மூக்கையாவின் சட்டைப்பை லாரி ஹாரன் போல அலறியது. எடுத்து “யார்ரா?” என்றார். மறுமுனையில் யாரோ தெரியாத பாஷையில் பதறிக்கொண்டிருந்தார்கள். மூக்கையாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியோடு நகர்ந்து உள்ளே வந்தார்.

பெட்டியின் மூடிமேலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள் உமையாள். அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. படம் மேலிருந்து கீழே, பாய் விரிவதுபோல வரிவரியாக இறங்கியது. அடியில் கண்ணாடி வியர்த்தது. முதலில் அய்யாவின் காலும், பிறகு வேட்டியும், பிறகு நெஞ்சும் ஆவிக்குள் மறைந்தன. குளிர் விட்டுப்போக, நாடியில் கட்டிய துணி நெகிழ்ந்து வாய் லேசாகத் திறந்தது, ஏதோ சொல்ல வருவதுபோல. ஒரு ஈ வந்து கண்ணாடியில் உட்கார்ந்து உள்ளே போக வழி தேடியது.

யூசுப்பின் திரை வந்தது. முதல் சீட்டு சிக்கி நின்று, பின்னால் வந்ததையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தது. பதினோரு சீட்டு. அவள் அம்பை நகர்த்தினாள். அம்பு யோசித்து யோசித்து நகர்ந்தது. சிக்கியதை எடுத்து, பிரிண்டரை மறுபடி ஓடச்சொல்லி, ஒற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

“என்னாத்தா?” என்றார் மூக்கையா. “போனுல கோழிச் சத்தந்தான் கேக்குது. ஆப்பிரிக்காக் கோழி.”

யாரோ வாய்க்குள் “பாம் பாம்” என்றார்கள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உமையாள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து ஊரைப் பார்க்க அவளால் முடியவில்லை.

மூக்கையா திடீரென்று கையைத் தூக்கினார்.

“ஏலே, எல்லாரும் வாயப் பொத்துங்கடா!”

 அவர் ஒரு காதை விரலால் அடைத்து, மறு காதில் போனை அழுத்தினார்.

“கரகரன்னு கேக்குது… தாளு கிழிக்கிறான்… ஓடுறான்… செல்ப் எடுக்குது.” அவர் கண் மூடிக்கொண்டது. “டீசல் வண்டி. பாரம் இருக்கு. காலி வண்டி இப்பிடி முக்காது. மொத கியரு… ஏறிருச்சு. இன்னொண்ணு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. மூணாவதுக்காரன் கிளட்சக் கருக்குறான் படுவா. ஏலே! கிளட்ச மெதுவா விடுறா! பெடல அமுக்காத!”

ஆப்பிரிக்காவில் எவனோ ஒருவன் திகைத்து “ஹலோ, ஹலோ” என்பது முற்றத்துக்கே கேட்டது.

மூக்கையா நெடுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசி வண்டியின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு எழுந்தார். மஞ்சள் பையிலிருந்து கோடிச் சேலையை எடுத்து உதறி, தங்கச்சியின் தோளில் போட்டார். முகத்தைத் துண்டால் துடைத்தார். மிளகாய் நெடி.

“எத்தன வண்டிண்ணே?” என்று கூத்தையா மெதுவாகக் கேட்டான்.

மூக்கையா ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அறுவது.”

ஊர் மொத்தமும் திரும்பி உமையாளைப் பார்த்தது. திரையில் பதினொன்று என்றிருந்தது. அவள் கம்ப்யூட்டரை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“மாமா எண்ணுனா சரியாத்தான் இருக்கும்” என்றாள். சிரிக்கவில்லை.

மூக்கையா குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கினார். அய்யாவின் நெகிழ்ந்துபோன நாடிக்கட்டைத் தானே அவிழ்த்து, திறந்திருந்த வாயை உள்ளங்கையால் மூடி, இறுக்கிக் கட்டினார்.

“நடந்துச்சு மாப்ள. எங்காதால கேட்டேன். நீ வாய மூடு, இனிமே நாஞ் சொல்லிக்கிறேன்.”

மூடியை இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி, பெட்டியின் வயரைச் சொருகினார். பெட்டி ஒருமுறை குலுங்கி, முக்கி, பாரம் ஏற்றிய வண்டிபோல மெல்ல உறுமத் தொடங்கியது.